கலவானை மைந்தனின் கடைசி அத்தியாயம்

டெலிபோன் அலறியது.

யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு சின்ன வாசிகசாலை. அதில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்று ஒரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நிரோஷா. வயது முப்பத்தொன்பது. ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"மிஸ், பேஸ்புக்ல ஒரு லிஸ்ட் போட்டிருக்கீங்க."

ஆண் குரல். சிங்களத்தில் பேசியது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுவது போல் ஒரு கரகரப்பு.

"ஆமா. குடும்பம், ரகசியம், அடையாளம்... இதைப் பத்தி இப்ப வந்த ஆறு நாவல். கட்டாயம் வாசிக்க வேண்டியது."

"நாலாவத எடுத்துருங்க."

"ஏன்?"

"எடுக்கலைன்னா ஒரு உசிரு போகும்!"

அந்த நொடியில் குரலுக்குப் பின்னால் ஒரு சங்கு ஊதியது. திக்கித் திக்கி, மூச்சு முட்டியவனைப் போல ஊதியது.

டொக்! லைன் கட்.

நாலாவது நாவல்... 'பெயர் வாங்கியவன்'. எழுதியவர் கலவானை மைந்தன். யாரென்று யாருக்கும் தெரியாது. இரத்தினபுரியிலிருந்து தபாலில் வந்த புத்தகம்.

அதற்குக் கீழே அவளே எழுதியிருந்தாள். 'இதில் வரும் சுண்டுவிரல் இல்லாத மனிதரைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் அப்பா மூக்கையாதான் ஞாபகத்துக்கு வருகிறார்! கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.'

கூடவே, வீட்டு வாசலில் அப்பா சிரித்தபடி நிற்கும் போட்டோ.

கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள்.

ஒரே மூச்சில் படித்தாள்.

கலவானைப் பக்கம் ஒரு தோட்டம். 1986. இரண்டு சிநேகிதர்கள். ஒருவனுக்குப் பிரஜாவுரிமை இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, கர்ப்பிணி மனைவி இருக்கிறாள். மற்றவனுக்கு எதுவுமே இல்லை. நாடும் இல்லை! ரப்பர் மெஷினில் போன இடதுகைச் சுண்டுவிரலும் இல்லை.

மாணிக்கக்கல் தோண்டிக் கைவிட்ட குழி ஒன்றின் விளிம்பில் முதலாமவன் நிற்கிறான். பின்னாலிருந்து இரண்டு கைகள் தள்ளுகின்றன!

தள்ளியவன் அந்த அட்டையை எடுத்துக்கொள்கிறான். அந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறான். அவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விடுகிறான்.

நாவலின் கடைசி வரி: 'விழுந்தவன் சாகவில்லை. ஒருநாள் வருவான்.'

நிரோஷா புத்தகத்தைப் படீரென்று மூடினாள்.

அந்தச் சங்கு! ரப்பர் பால் நிறுக்க ஆட்களைக் கூப்பிடும் சங்கு. அப்படித் திக்கி ஊதுகிற சங்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே தோட்டத்தில்தான் இருக்கிறது.

அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில்!

பஜார் முனையில் நின்ற த்ரீவீலரில் பாய்ந்து ஏறினாள். "சீக்கிரம் போங்கண்ணே!"

ரப்பர் மரங்கள் பின்னால் ஓடின. அட்டை... பெயர்... சுண்டுவிரல்...

லயத்து வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் அப்பா குந்தியிருந்தார். அறுபத்தாறு வயது. கையில் போன். தோளில் ஈரத்துண்டு.

நிரோஷா எதிரில் போய் நின்றாள்.

"போன் பண்ணுனது நீங்கதானே அப்பா?"

அவர் நிமிரவில்லை.

"சிங்களத்துல பேசுனா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? சொல்லுங்க! நீங்க மூக்கையாதானா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இல்லம்மா... என் பேரு இராமசாமி."

நிரோஷா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கதை..."

"உண்மைதான். என்னைய இந்தியாவுக்கு அனுப்ப லிஸ்ட்ல பேரு போட்டிருந்தாங்க. சண்டையில கப்பலும் நின்னு போச்சு. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அவன் அட்டையத்தான் எடுத்துக்கிட்டேன்."

"ஆளத் தள்ளுனது?"

அவர் கண்கள் வீட்டுக்குப் பின்பக்கம் போய்த் திரும்பின.

"நான்தான்."

"பொய் சொல்றீங்க!"

"நான்தாங்கிறேன்ல! அந்தப் புத்தகத்த மறைச்சிரும்மா. போட்டோவ எடுத்துரு. அதை எழுதுனவன் பாத்துட்டான்னா..."

"பாத்துட்டேன்டா!"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

படிக்கட்டில் ஒரு கிழவர். வலது கால் வளைந்திருந்தது. ஒரு கையில் ஊன்றுகோல்.

மறு கையில்... துவக்கு!

இராமசாமியின் உதடுகள் வெளுத்தன. "மூக்கையா..."

"அடடா, என் பேரு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா? முப்பத்தொம்பது வருசமா நீதானே வச்சிருக்க!"

"நீங்க... கலவானை மைந்தன்?" என்றாள் நிரோஷா.

"ஆமா புள்ள. மாணிக்கக் கல்லுக் கழுவுறவங்க என்னைய மேல தூக்குனாங்க. எட்டு மாசம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தா லயம் காலி. என் பேரு, என் பொஞ்சாதி, என் மக... மூணையும் இவன் தூக்கிட்டுப் போயிட்டான்."

என் மக!

அந்த வார்த்தை நிரோஷாவைக் கன்னத்தில் அறைந்தது.

"தள்ளி நில்லு புள்ள. குண்டு உன் மேல பட்டுறக் கூடாது."

துவக்கின் வாய் இராமசாமியின் நெஞ்சுக்கு நேராக உயர்ந்தது. அவர் எழவில்லை. ஓடவில்லை. கண்களை மட்டும் மூடிக்கொண்டார்.

"மூணு எண்ணப் போறேன். ஒண்ணு..."

நிரோஷா நகர்ந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். கைகளை விரித்து மறைத்தாள்.

"வெலகு! ரெண்டு..."

"கொஞ்சம் நில்லுங்க."

பெண்குரல். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த அம்மா, வெள்ளையம்மா. குடத்தை நிதானமாக இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

மூக்கையா அவள் பக்கம் திரும்பினார். "வெள்ளையம்மா... நான் உசிரோட இருக்கேன்."

"தெரியுது. புத்தகமும் எழுதியிருக்கீங்களாம். மக நாலு நாளா எனக்கு வாசிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் இருக்கு." அவள் நெருங்கி வந்தாள். "ஆனா ஒரு விசயம் அதுல இல்லையே?"

"என்ன விசயம்?"

"கொழும்பு புரோக்கர்."

கிழவரின் முகம் வெளிறியது.

"யாரும்மா அது?" நிரோஷா கேட்டாள்.

"அப்ப கைக்கொழந்தைங்கள வெளிநாட்டுக்கு விக்கிற கூட்டம் ஒண்ணு இருந்திச்சு புள்ள. நீ என் வயித்துல ஏழு மாசம். பொறந்ததும் உன்னைய எடுத்துக் குடுக்கிறதா அந்த ஆளோட இவரு பேசி முடிச்சிட்டாரு. என்கிட்ட 'செத்துப் பொறந்துச்சு'ன்னு சொல்றதாத் திட்டம். இராமசாமிதான் வந்து விசயத்த எனக்குச் சொன்னது."

"அது... அது வறுமை வெள்ளையம்மா..."

"எல்லாருக்கும்தான் வறுமை. எல்லாருமா வித்தாங்க?"

நிரோஷா கிழவரையே பார்த்தாள். பயம் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் வேறொன்று எரிந்தது.

"உங்களக் காப்பாத்திக்கத்தான் பொலிஸுக்குப் போகாம ஒளிஞ்சிருந்தீங்க. இல்லையா? குழந்தை விக்கப் பாத்த கேஸ்ல மாட்டிருவீங்கன்னு!"

கிழவர் பார்வையைத் தாழ்த்தினார்.

"சரி, சுடுங்க. என்னையத் தாண்டித்தான் அவரச் சுடணும். மகள்னு சொன்னீங்களே... அவரு சாப்பாடு போட்டு, படிக்க வச்சு, காய்ச்சல்ல தோள்ல தூக்கிட்டு அலைஞ்ச மக நான். எங்க அப்பா பேரு மூக்கையா இல்ல. இராமசாமி!"

அவளுக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது.

துவக்கு மெல்லத் தாழ்ந்தது. நிரோஷா ஒரே எட்டில் போய் அதைப் பறித்துக்கொண்டாள்.

கிழவர் படியில் சரிந்து உட்கார்ந்தார். அழுதார்.

"நான் செஞ்சது பாவம். ஒத்துக்கிறேன். ஆனா சிநேகிதன்னு நம்பி நின்னேனே... அந்தக் குழி ஓரத்துல இவன் என்னைய முதுகுல கை வச்சுத் தள்ளுனானே! அதை மட்டும் என்னால மன்னிக்க முடியல!"

"ஐயோ, அவரா தள்ளுனாரு?" வெள்ளையம்மா குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அந்த மனுசன் அன்னைக்கு அங்க இல்லவே இல்லீங்க!"

நிரோஷாவின் வாய் பிளந்தது. "அப்பா, அப்ப நீங்க..."

இராமசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளையம்மா வாசற்படி ஏறியபடியே திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டாம் பதிப்புல பேரத் திருத்திப் போட்டுருங்க எழுத்தாளரே... ஏழு மாச வயித்தோட தள்ளுனது நானு! அதான் கொஞ்சம் பலம் பத்தாமப் போச்சு!"