செகண்டுக்கு ஐந்து படங்கள்

வடிவம்மாள் கேமராவைப் பார்க்கிறவள் இல்லை. முதல் கல்யாணத்து ஆல்பத்திலும் சரி, போன ஆவணியில் நடந்த அறுபதாம் கல்யாண வீடியோவிலும் சரி, குனிந்த தலை குனிந்தபடிதான். அதனால், கம்ப்யூட்டர் திரையில் கலசத் தண்ணீர் விழுகிற நேரத்தில் அவள் சட்டென்று நிமிர்ந்து நேராகப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டதும், கணவர் மகேஸ்வரனின் கை மவுஸிலிருந்து நழுவியது.

மறுபடி ஓட்டினார். மறுபடி நிமிர்ந்தாள்.

மகேஸ்வரன் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் உள்ள பித்தளைப் பலகை அதைச் சொல்லும். பலகையைப் படிக்காதவர்களுக்கு அவரே சொல்வார். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவின் முதல் கம்ப்யூட்டர் அவர் வீட்டில்தான் வந்து இறங்கியது. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் கார்த்திகேசனுக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. வீடியோவையாவது அனுப்பச் சொல்லியிருந்தான். நம் ஊர் கேசட் அந்த ஊர் வீடியோ டெக்கில் ஓடாது. கம்ப்யூட்டரில் ஏற்றி, அமெரிக்க முறைக்கு மாற்றி, சிடியில் பதிய வேண்டும். மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பீர் மைதீன் வந்து வீடியோ கார்டு மாட்டிவிட்டு விளக்கமும் சொல்லியிருந்தார்.

"நம்ம கேசட்டுல செகண்டுக்கு இருபத்தஞ்சு படம், அண்ணாச்சி. அவங்களுக்கு முப்பது வேணும். மிச்சத்தைக் கம்ப்யூட்டரே உண்டாக்கிக்கிடும்."

"எதை வச்சுவே உண்டாக்கும்?"

"முன்னால உள்ள படத்தையும் பின்னால உள்ளதையும் கலந்து நடுவுல ஒண்ணைச் செருகும். நடக்காத படம்தான். கண்ணுக்குத் தெரியாது."

தெரிந்தது. காலையில் மாற்றி முடித்த வீடியோவை மகேஸ்வரன் ஒவ்வொரு படமாக நகர்த்தினார். குனிந்த தலை, குனிந்த தலை, குனிந்த தலை. ஒவ்வொரு ஆறாவது படத்திலும் நிமிர்ந்த முகம். செருகிய படங்களில் மட்டும் அவள் அவரைப் பார்த்தாள். அதே படங்களில் மந்திரம் சொல்லும் பட்டர் ஒழுங்காக இருந்தார், மகேஸ்வரனும் ஒழுங்காக, நெஞ்சை நிமிர்த்தி, அணைக்கட்டைத் திறந்துவைக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் வாய் மட்டும் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே போனது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் இவ்வளவு நீளமாக எதையும் சொல்ல முயன்றதில்லை.

வெளியே ஐப்பசி மழை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே வீடு இருட்டிவிட்டது. நீண்ட நடையின் கடைசியில் இருந்த அடுக்களையிலிருந்து சொதிக் குழம்புக்குக் காயும் தேங்காய்ப்பாலின் வாசனையும், பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தமும், ஓட்டிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரின் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து வந்துகொண்டிருந்தன. தண்ணீர் விடாமல் சொட்டியது. கரண்டிச் சத்தத்தில்தான் இடையிடையே ஓட்டை விழுந்தது.

"ஏட்டி வடிவு!"

"என்…" என்று வந்தது பதில். பிறகு, "…ங்க."

எழுந்து போனார். அடுப்புக்கு முன்னால் பச்சைச் சேலையில் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். டியூப் லைட் மினுக்குவது போல அவள் மினுக்கினாள். மினுக்கும் இடைவெளியில் அவளுக்குப் பின்னால் இருந்த கடுகு டப்பா தெரிந்தது. கரண்டி ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. திரும்பவும் அவள் கையில் இருந்தது.

"என்ன அப்படிப் பாக்கிய?"

"உனக்கு… ஒண்ணும் செய்யலையே?"

"எனக்கென்ன. காலையிலேருந்து யாரோ உள்ளேருந்து பைய பைய உருவுத மாதிரி இருக்கு. வாயுவா இருக்கும்."

போனுக்கு ஓடினார். பீர் மைதீன் பொறுமையாகக் கேட்டார்; கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முன்னாலயும் மதினி குனிஞ்சிருக்காக, பின்னாலயும் குனிஞ்சிருக்காக. நடுவுல மட்டும் எப்படி அண்ணாச்சி நிமிருவாக? மாத்தாத பழைய ஃபைலைப் போட்டுப் பாருங்க."

"இடம் பத்தலன்னு அழிச்சுட்டேன்வே."

"கேசட்டு இருக்கும்லா?"

கேசட் இருந்தது. போன வாரம் ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்தில் 'நீர் மேலாண்மை: ஓர் அனுபவப் பார்வை' என்று அவர் பேசியதை வீடியோக்காரன் பதிவு செய்தபோது, புதுக் கேசட் எதற்கு என்று இதைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். கலசத் தண்ணீர் விழுந்த இடத்தில் இப்போது அவர் தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"திரும்ப நம்ம முறைக்கு மாத்த முடியுமா? செருகினதை எடுத்திரணும். எல்லாத்தையும் எடுத்திரணும்வே."

சிரிப்பு நின்றது. "மாத்தலாம். செகண்டுக்கு அஞ்சைத் தூக்கும். ஆனா எது நடந்தது, எது உண்டாக்கினதுன்னு அதுக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? அதுபாட்டுக்கு எண்ணித் தூக்கும்."

அடுக்களையில் கரண்டி தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வேற வழி?"

"இல்லையே அண்ணாச்சி."

போனை வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

திரையில் நீலக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. மேடையேறினால் மணி அடித்தாலும் இறங்காத மனிதருக்கு அன்று ஒரே வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. வடிவு. வடிவு.

"பேசிக்கிட்டே இரு தாயி. எதையாவது பேசு."

"கார்த்தி சின்னதுல… சொதின்னா… ரெண்டு…"

"பேசு!"

"…தட்டு…"

பால் அடிப்பிடிக்கும் நாற்றம். கோடு பாதி தாண்டியது.

"வடிவு!"

மழை. வாளி. வேறு சத்தம் இல்லை.

முக்கால். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

கோடு முடிந்தது.

"வடிவு… இங்கன வா."

"வந்துட்டேன்."

முழுக் குரல். ஓட்டையில்லாத குரல். மகேஸ்வரன் கைகளில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பினார்.

அவள் அறை வாசலில் நின்றாள்.

அடுப்படியிலும் நின்றாள்.

இங்கே ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அங்கே ஒரு கை கரண்டியை எடுக்கக் குனிந்திருந்தது. நடை நெடுகப் பச்சைச் சேலை புகை போல இழுபட்டிருந்தது. இந்த முகத்தின் வழியே கதவு தெரிந்தது. அந்த முகத்தின் வழியே அடுப்பு எரிந்தது. இரண்டும் அரை முகம், முன்னதையும் பின்னதையும் கலந்து நடுவில் செருகிய படம் போல. ஒரு வாய் சொல்லி மூடியிருந்தது. இன்னொரு வாய் சொல்லத் திறந்திருந்தது.

நான்கு கண்களும் அவரைக் கெஞ்சின.

"வந்துட்டேன்," என்றாள் மறுபடி. கால் நகரவில்லை.