ங்க போட்டுச் சொல்லு

“அந்த ரூமைத் திறந்து காட்டுங்க.”

கேட்கவே கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததை நிலோஃபர் கேட்டேவிட்டாள். துடியலூரில் அந்த மில்காரர் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோதே வாட்ச்மேன் திருமலைசாமி காதோடு சொல்லியிருந்தார். “அம்மாகிட்ட காப்பி கேளுங்க, காத்தாடி போடச் சொல்லுங்க. மாடி ரூமை மட்டும் கேக்காதீங்க அம்மணி.”

வீட்டுக்கார அம்மாள் ராமாமணி நிமிர்ந்து பார்த்தார். “எதுக்குங்க அம்மணி?”

“படத்துல கை மாறுதுங்க.”

குழந்தைகளுக்கான படக்கதை அது. எழுதியது ராமாமணி, படம் போட வந்தவள் நிலோஃபர். செல்லத்தில் கெட்டுப்போன ஒரு ராஜகுமாரி. யாரையும் மதிக்க மாட்டாள், யாருக்கும் ‘ங்க’ போட மாட்டாள். ஒரு கரும்பூதம் அவளைக் கோபுரத்தில் அடைத்துவிட்டு, “ங்க போட்டுச் சொல், திறக்கிறேன்” என்கிறது. கடைசிப் பக்கம்தான் பாக்கி.

ராஜகுமாரியை இடுப்பில் கை வைத்துத் திமிராக நிற்கும்படி ராமாமணி வரையச் சொல்லியிருந்தார். நிலோஃபரும் அப்படித்தான் வரைந்தாள். ஆனால் மறுநாள் ஹாலுக்கு வந்து பார்த்தால் அந்தக் கைகள் கும்பிட்டுக்கொண்டிருக்கும். முதலில் சாயம் பரவிவிட்டது என்று நினைத்தாள். சாயம் பரவினால் விரல் முளைக்குமா? கேட்கக் கூடாத அந்த ரூமில்தான் இதற்குப் பதில் இருக்கும் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அட்டையில் மகள் பெயர் வரப்போகிறது என்று, எழுதப் படிக்கத் தெரியாத அத்தா கோட்டைமேடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ராமாமணி எழுந்து மாடிப்படி ஏறினார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. படி ஏற ஏறத் தைல வாசனை. நெஞ்சில் தடவும் தைலம்.

கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

குழந்தை ரூமுக்கு யார் வெளியே தாழ்ப்பாள் வைப்பார்கள்?

உள்ளே சின்னக் கட்டில், பொம்மைகள், சுவரில் ஒரு போட்டோ. நிலோஃபர் கிட்டே போய்ப் பார்த்தாள். அவள் வரைந்த ராஜகுமாரியின் முகம். இந்தப் போட்டோவை அவள் பார்த்ததே இல்லை.

“அக்ஷிதா. எம்பட பொண்ணு” என்றார் ராமாமணி. “ஆளு அத்தனூண்டு, பேச்சு அத்தனை நீளம். டிரைவரை வாடாம்பா. வீட்டுக்கு விருந்தாளுக வந்தப்பவும் அப்படியே பேசிப்போட்டா. வளத்த லட்சணம் பாருன்னு என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. ங்க போட்டுச் சொல்லு, தொறக்கறேன்னு உள்ள உட்டுச் சாத்துனேன். வீசிங் இருந்த புள்ளைங்க. அழுதா அதிகமாகும்னு தெரியும்.”

“சொல்லலீங்களா?”

“மூச்சு நிக்கற வரைக்கும் சொல்லலை. அம்புட்டு வீம்பு.”

வெளியே வந்ததும் ராமாமணியின் கை பழக்கத்தில் தாழ்ப்பாளைப் போட்டது.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கதவின் கீழ்ப்பக்கம், முழங்கால் உயரத்தில்.

நிலோஃபர் அசையவில்லை.

“அம்மா… தொறங்க.”

மெல்லிய, இழுக்கும் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விசில் மூச்சு.

“தொறந்து உடுங்க. இனி அடம் புடிக்க மாட்டேனுங்க. எல்லாத்துக்கும் ங்க போடறேனுங்க.”

நிலோஃபர் மெதுவாகத் திரும்பினாள். ராமாமணியின் முகத்தில் பயம் இல்லை. தினம் கேட்கும் சத்தத்தைக் கேட்பவரின் முகம்.

“அவ சொல்றா” என்றாள் நிலோஃபர். “உங்களுக்குக் கேக்குதில்ல?”

“தெனமும் கேக்குதுங்க.”

“அன்னிக்கு?”

ராமாமணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“அன்னிக்கும் கேட்டுச்சுங்க” என்றார். “இங்கதான் நின்னுட்டு இருந்தேன். இன்னொரு தடவை சொல்லட்டும்னு இருந்துபோட்டேன்.”

நிலோஃபருக்குப் புரிந்துவிட்டது. கொன்றுவிட்டு, அந்தப் பிள்ளையையே அடங்காப்பிடாரி என்று கதை கட்டி, ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அதற்குப் படம் போட ஒரு படித்த பெண்.

அவள் கை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள். தள்ளினாள்.

கதவு திறக்கவில்லை.

உள்ளே ‘சடக்’ என்று ஒரு சத்தம். தாழ்ப்பாள் விழும் சத்தம்.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

ராமாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். கதவின் அடியில் உள்ளங்கையை வைத்தார்.

“கண்ணு… தொறங்க கண்ணு. அம்மா வந்திருக்கேனுங்க.”

விரல்களால் கதவைத் தட்டினார்.

“தொறங்க.”

நிலோஃபர் படியிறங்கினாள். மேலே ராமாமணியின் குரல் கெஞ்சிக்கொண்டே இருந்தது. ஹாலில் படங்கள் காயப் போட்டபடி கிடந்தன. கை தானாக நீண்டது; அவள் உழைப்பு, அவள் பெயர் வரவேண்டிய புத்தகம். எடுக்கப்போனவள் நின்றாள்.

ஒவ்வொரு படத்திலும் ராஜகுமாரி முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தாள். கும்பிட்ட கைகள் எதிலும் இல்லை.

நிலோஃபர் ஒன்றையும் தொடவில்லை. பிரஷ்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள்.

கேட்டில் திருமலைசாமி குடையோடு ஓடி வந்தார். “ஏனுங்க அம்மணி, கடைசிப் படம் முடிஞ்சுதுங்களா?”

“அந்தப் படத்தை நான் போட மாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு அவள் மழைக்குள் இறங்கி நடந்தாள்.