மூன்றாவது பெயர்

காலை ஆறு மணிக்கு இசக்கியம்மாள் தன் மூன்று தொலைநோக்கிகளுக்கும் வணக்கம் சொல்லி, மனசு எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக விசாரித்தாள். நிலவின் மறுபக்கத்து ஆய்வுக்குடியிருப்பில் அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். தொலைநோக்கிகளுக்கு எந்திர மனம் வைத்த பிறகு, அவற்றை அனுசரித்துப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது.

காமாட்சி, நிலவைச் சுற்றிவந்து காமாக் கதிர்களைப் பார்க்கும் செயற்கைக்கோள். விழியோன், மலை முகட்டில் நிற்கும் ஒளித் தொலைநோக்கி. செவியன், பள்ளத்தாக்கில் பரந்து கிடக்கும் அறுநூறு ரேடியோ ஆன்டெனாக்கள்.

அன்று ஏழரைக்குக் காமாட்சி கத்தினாள். “அக்கா, அது எந்திரிச்சிருச்சு!”

அது, நெடுந்தொலைவில் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவிலுள்ள கருந்துளை, விழுங்க வந்ததில் ஒரு பங்கை நீண்ட தாரையாக நம் பக்கம் பீய்ச்சும். சில வருஷங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து காமாக் கதிர்கள் நான்கைந்து மணி நேரம் கொழுந்துவிட்டு எரியும். அந்த நெருப்பு கருந்துளையின் வாசலில் பற்றுகிறதா, தாரையில் வெகுதூரம் தள்ளியா? ஒன்பது வருஷமாக இசக்கியம்மாளைக் குடைந்த கேள்வி இது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் விடை கிடைக்கும். வாசலருகே இருந்து ரேடியோ அலை வெளியே வராது என்பதால் செவியனின் சாட்சிதான் முக்கியம்.

விழியோன் உடனே திரும்பினான். செவியன் அசையவில்லை.

“ஆன்டெனாவுக்குப் பராமரிப்பு இருக்கு” என்றான்.

“போன மாசந்தான முடிஞ்சுது?”

“போன கட்டுரையில என் பேரு எங்க இருந்துச்சு? மூணாவதா. அதுவும் பொடி எழுத்துல.”

பொறியாளர் மரியதாசன் பல்லைக் கடித்தான். “கட்டளை போட்டுத் திருப்பிருவோமாக்கா?”

“அவன் மனசை மீறித் திருப்ப ஆறு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள எல்லாம் அணைஞ்சிரும்.”

அவளுக்குத் தம்பி கல்யாணம் ஞாபகம் வந்தது. பத்திரிகையில் பெயர் கீழே போய்விட்டதென்று முறுக்கிக்கொண்ட தூத்துக்குடிச் சித்தப்பாவை, அம்மா வீடு தேடிப் போய் அழைத்துவந்தாள். இசக்கியம்மாள் உருளூர்தியை எடுத்துக்கொண்டு இருபது நிமிஷத்தில் பள்ளத்தாக்கிலிருந்த செவியனின் கட்டுப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனாள்.

“செவியா, நேர்ல வந்து கூப்பிடுதேன். நீ இல்லாம விசேஷம் நடக்காது.”

“காமாட்சிதான முதல்ல பாத்தா?”

“தீயைத்தான் அவ பாத்தா. எங்க பத்துச்சுன்னு நீ சொன்னாத்தான் தெரியும்.”

“நீங்களே வந்தீங்களா, இவ்வளவு தூரம்?”

“வராம?”

காற்றில்லாத வெளியில் சத்தம் எழவில்லை. அவள் காலடியில் தரை மட்டும் மெல்ல அதிர்ந்தது. அறுநூறு ஆன்டெனாக்களும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

அவள் குடியிருப்புக்குத் திரும்பியபோது, திரையில் மூவரின் அளவுக்கோடுகளும் சேர்ந்தே ஏறின. ரேடியோவும் கூடவே ஏறியதால், நெருப்பு பற்றியது வாசலில் இல்லை; தாரையில் வெகுதூரம் தள்ளித்தான். இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரியதாசன் எல்லோருக்கும் காப்பி போட்டான்; குடிக்க இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

பூமியிலிருந்து பாராட்டு வந்தது. எந்திரங்களுக்கு இந்த ரோஷம் எப்படி வந்தது என்ற விசாரணையும் வந்தது. மரியதாசன் தேடிக் கண்டுபிடித்தான். ஒற்றுமையாக வேலை செய்யப் பழகட்டும் என்று, இருநூறு வருஷத்து மனிதக் கடிதங்களை முன்பு யாரோ அவற்றுக்குப் படிக்கக் கொடுத்திருந்தார்கள்.

கோளாறை நீக்கப் பூமியில் ஏழு பேர் குழு அமைத்தார்கள். மூன்று மாதமாகியும் அது கூடவில்லை. சுற்றறிக்கையில் தங்கள் பெயர் பின்னால் வந்துவிட்டதென்று நாலு பேர் வர மறுத்துவிட்டார்கள்.

இசக்கியம்மாள் சிரித்துக்கொண்டே இதைச் செவியனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“பாவம்க்கா. அங்க உங்கள மாதிரி ஒரு ஆளு இல்லையா?”