படி கொஞ்சம் உயரம்

இத்தாலியில், கூப்பியோ நகரின் பெரிய சதுக்கத்தில், நவம்பர் மாத மூடுபனியில், பேர்கமோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பத்தொன்பது பேர் கூடி நின்றார்கள். வழிகாட்டி ஓர்னெல்லா ஆளுக்கொரு இயர்போனைக் கொடுத்தாள். அவள் காலரில் குத்தியிருந்த மைக்கில் முணுமுணுத்தால் போதும், கடைசி ஆள்வரை கேட்கும். அவளுக்கு மட்டும் இயர்போன் கிடையாது. தன் குரலைத் தானே கேட்பானேன்?

இருபதாவது இயர்போன் அவள் கணவன் எல்வியோவுக்கு. இருதய ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் வெளியே வந்திருந்தான். யாரும் பின்தங்காமல் பார்த்தபடி கடைசியில் மெல்ல வந்தால் போதும் என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள். அவனுக்கு இடது காது அறவே கேட்காது. இயர்போனை வலது காதில் மாட்டிக்கொண்டான்.

"இனி நீ சொல்றது மட்டும்தான் கேக்கும். வீட்லயும் அதே கதைதானே," என்று சிரித்தான்.

மேட்டுத் தெருவின் நடுவில் இருந்தது சவக்கதவு. பழைய வீடுகளில் தலைவாசலுக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து முழங்கால் உயரப் படியோடு, குறுகலான இன்னொரு வாசல் இருக்கும். பிணத்தை மட்டும் அதன் வழியே எடுப்பார்கள். எடுத்த கையோடு செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள், போனவருக்குத் திரும்ப வழி தெரியக் கூடாது. ஊர்க்காரர்கள் அதைத் தாண்டும்போது பையிலுள்ள சாவியைத் தொட்டுக்கொள்வார்கள். இரும்பைத் தொட்டால் எதுவும் அண்டாதாம். எல்வியோவும் தொடுவான். ஓர்னெல்லா ரிமினிக்காரி, கடற்கரையில் வளர்ந்தவள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தச் செங்கல்லை மூன்று தட்டுத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பாள். வேண்டாம் என்று எல்வியோ எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டான்.

அன்றும் தட்டினாள், கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். தொண்டை கமறியது. மைக்கை அணைத்துவிட்டு எதிர்ச்சுவரோரம் போய்த் தண்ணீர் குடித்தாள்.

கூட்டம் மறுபடியும் சிரித்தது.

அவள் எதுவும் பேசவில்லை.

எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. ஓரமாக நின்ற பியேரா என்ற அம்மாளிடம், யார் பேசுகிறார்கள் என்று ஓர்னெல்லா கேட்டாள். அந்த அம்மாள் திரும்பி விழித்தாள்.

"நீங்கதானே பேசறீங்க? ஆனா வாய் அசையலையே..."

ஓர்னெல்லா அவள் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். தன் குரலேதான். ரிமினி இழுவைகூட அப்படியே இருந்தது.

"எல்வியோ, முன்னாடி வா. படி கொஞ்சம் உயரம், பாத்து வா."

கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட்டது.

"எல்வியோ, நில்லு. அது நான் இல்ல," என்று அலறினாள். அவள் பக்கம் இருந்தது அவனுடைய கேட்காத காது. ஆசிரியர்கள் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றார்கள், பாடம் நடக்கிறதாம். மைக்கிலிருந்த பேட்டரியைப் பிடுங்கி எறிந்தாள்.

குரல் நிற்கவில்லை.

முட்டி மோதிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். அதற்குள் அவன் கதவருகே போய்விட்டான். ஒரு காலைத் தூக்கி அந்த உயரப் படியில் வைத்தான். செங்கல்மேல் உள்ளங்கையைப் பதித்தான்.

"வந்துட்டேன், ஓர்னே," என்றான்.

அவள் தொட்டபோது அவன் உடம்பு சரிந்துகொண்டிருந்தது.

இருதயம் என்றார் டாக்டர். மேடு ஏறியிருக்கக் கூடாது என்றார். யாரிடம் போய் எதைச் சொல்வது? விளையாட்டு வினையாகிவிட்டது, தன் கையாலேயே தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறோம் என்று மனசுக்குள்ளேயே வெந்தாள். அவன் காதிலிருந்த இயர்போன் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

வேறு தொழில் தெரியாததால் வசந்தத்தில் திரும்ப வேலைக்கு வந்தாள். மேட்டுத் தெருப் பக்கமே போவதில்லை. முதல் நாள், பட்டப்பகலில், பெரிய சதுக்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"நடுநடுவுல ஒரு ஆம்பளைக் குரல் வருதுங்க. படி கொஞ்சம் உயரம், பாத்து வான்னு. எந்தப் படிங்க?"

சதுக்கம் சமதரை. ஒரு படிகூடக் கிடையாது.

ஓர்னெல்லாவின் வலது கால் தானாக எழும்பியது, முழங்கால் உயரத்துக்கு.