பூட்டிய கேற்றுக்கு வெளியே

பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கும் பெண்கள் விடுதிக்கும் இடையிலான பாதையில் எரிந்துகொண்டிருந்த கடைசி விளக்கையும் யாரோ கழற்றியிருந்தார்கள். கம்பத்திலிருந்து தொங்கிய வயரின் நுனியில் கறுப்பு டேப் பொறுமையாகச் சுற்றப்பட்டிருந்தது. உடைக்கிறவன் டேப் சுற்றமாட்டான் என்று ஸுஹைறாவுக்குத் தோன்றியது.

மின்வெட்டால் செய்முறை வகுப்பு பிந்தி முடிந்திருந்தது. போனில் சார்ஜ் இல்லை. கூடப் படித்த ஆண்கள் மோட்டார் சைக்கிள்களில் கல்முனைப் பக்கம் போய்விட்டார்கள். விடுதியில் தங்கியிருப்பவள் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான். முன்பு வகுப்புத் தோழி பஸ்மிலாவும் கூட வருவாள்.

போன மாதம் இதே பாதையில் ஒருவன் பின்னால் வந்து இடுப்பைப் பிடித்தான் என்று பஸ்மிலா முறையிட்டாள். என்ன உடுத்திருந்தாய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பிறகு விடுதிக் கேற்றை ஒரு மணித்தியாலம் முந்திப் பூட்டுவதென்று முடிவெடுத்தார்கள். பஸ்மிலா படிப்பை விட்டுவிட்டு தன் ஊரான மாவடிப்பள்ளிக்கே போய்விட்டாள்.

தூரத்தில் மஃரிப் பாங்கு ஓய்ந்ததும், இரண்டு பக்கமும் ஆளுயரம் வளர்ந்து நின்ற புல்லிலிருந்து ஈர வாடை எழ, தவளைகளின் இரைச்சலும் மதிலுக்கு அப்பால் கடலின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்த அந்த மங்கலில், தன் செருப்பின் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேறு மிதித்து வருவதை அவள் கேட்டாள். நின்றாள். அதுவும் நின்றது. கொஞ்சம் பிந்தி.

நடந்தாள். அதுவும் நடந்தது.

தவளைகள் அடங்கிவிட்டன. மூச்சுச் சத்தம். தன்னுடையதல்ல.

ஓடினாள்.

கேற்றில் சங்கிலி. கம்பிகளைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே கதவு திறந்தது. விடுதி வோடன் கையில் டோர்ச்சோடு வந்தாள்.

"மிஸ், துறங்க! ஆரோ பின்னால வாறான்!"

"இந்த நேரத்துல எங்க போய்த்து வாறாய் புள்ள?"

"லெப்ல இருந்து. அல்லாஹ்வுக்காகத் துறங்க மிஸ்."

"நேரம் முடிஞ்சா துறக்கேலா. பொம்புளப் புள்ள வெளிய நிண்டா வரத்தான் செய்வான்."

பிடரியில் சூடான மூச்சு பட்டது. டோர்ச் வெளிச்சம் அவள் தோளுக்கு மேலால் போய் நின்றது. வோடனின் குரல் மாறியது.

"முபாறக் சேரா? அல்ஹம்துலில்லாஹ், நான் பயந்தே போய்த்தன்."

மாணவர் ஒழுக்கத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளர். சப்பாத்து நிறையச் சேறு. ஓடி வந்த மூச்சு இன்னும் வாங்கியது.

"மிஸ், இவர்தான்..."

"வாயப் பொத்து! ஆரப் பத்திக் கதைக்கிறாய்?"

"பாவம், பயந்திட்டா," என்றார் அவர் மெதுவாக. "ஒபிசுக்குக் கூட்டிப்போய் நான் விசாரிக்கிறன்."

"ஓம் சேர். நீங்க நிண்டா எனக்கு என்ன கவல?"

மேல்மாடியில் ஒரு சன்னல் மூடிக்கொண்டது. அடுத்ததும். அடுத்ததும்.

அவர் அவளுடைய விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக, நோகாமல், பிரித்தார். அவர்கள் வழுக்கி விழக்கூடாதென்று வோடன் கம்பிகளுக்கிடையால் கையை நீட்டி, இருவரும் புல்லுக்கிடையில் மறையும்வரை டோர்ச்சைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.