ஆளில்லாத யார்டு

வீடியோவில் காலி யார்டைத்தான் வெட்டி எடுத்திருந்தான். இப்போது அதில் ஒரு ஆள் நின்றான்.

பூவராகவன் எரிச்சலோடு நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்தான். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் இந்தக் கம்பெனிக்குள் கால் வைத்ததிலிருந்தே அவனுக்கு எல்லாம் எரிச்சல்தான். ஜன்னலில்லாத கேமரா அறை, ஈரச்சாக்கு நாற்றத்தோடு தரையில் சொட்டும் ஏசி, டீயில்கூட மிதக்கும் இரும்புத்தூள், சுவருக்கு அந்தப்பக்கம் ஓயாமல் உறுமும் உலை. ரெக்கார்டரோ அரதப்பழசு. மணவாள நகரிலிருந்து ரயில் மாறி மாறி வந்து இதைக் கட்டி அழுவது தன் தலையெழுத்து என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வேலை என்னவோ எளிதுதான். பழைய வீடியோ ஃபார்மட்டுகள் புதிய மெஷினில் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓடினால் பழைய பதிவுகளை அதற்கு மாற்றலாம். ஓடாவிட்டால் டிஸ்க்கை அழித்துவிடலாம். இதற்கென்று நெட்டில் மாதிரி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. கம்பெனிக்குள் நெட் இல்லை, வெளியே போய்வர அவனுக்குச் சோம்பல். பழைய டிஸ்க்கில் கைக்கு அகப்பட்ட ஒரு பகலைத் திறந்து, பழைய இரும்பு குவித்திருக்கும் ஸ்கிராப் யார்டு ஆளில்லாமல் கிடந்த ஒரு துண்டை வெட்டினான். உலை இரைச்சல் காதைக் குடைகிறது என்று ஒலியை மொத்தமாக நீக்கினான். அதே துண்டை ஒவ்வொரு பழைய ஃபார்மட்டிலும் மாற்றி வைத்தான். எந்த நாள் என்றுகூடப் பார்க்கவில்லை. குப்பைக்கு எதற்கு ஜாதகம்.

சோதனையும் அப்படித்தான். படம் வந்ததும் மூடிவிடுவான். கேமரா அறையில் உட்காரும் உள்ளூர்க்காரர் கணேசன், முழுசாகப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார்.

"படம் வந்தா ஓடுதுன்னு அர்த்தம். மிச்சத்தப் பாக்க இது என்ன சினிமாவா?"

கணேசன் தலையாட்டினார். தலையாட்டவாவது தெரிகிறதே என்று பூவராகவன் நினைத்துக்கொண்டான்.

அன்று காலையில் அவனும் கணேசனும் கேட்டுக்குள் நுழைந்தபோது மேரி என்பவள் வழிமறித்தாள். தினமும் நிற்கிறாளாம். அவள் புருஷன் மோசஸ் இங்கே உலையில் வேலை பார்த்தவன். வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. சுவரேறிக் குதித்து ஓடிவிட்டான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

"ஆயுத பூஜ அன்னிக்கு எல்லாரும் படையலுக்குப் போய்ட்டாங்க சார். நீ வேதக்காரன்தானே, உலைய பாத்துக்கோன்னு எங்க ஊட்டுக்காரர மட்டும் நிறுத்திட்டாங்க. வெளிய வந்தாரான்னு வீடியோவுல ஒரு தபா பாத்து சொல்லுங்க. அத்தயும் அழிச்சிட்டா எனுக்கு வேற இன்னா இருக்குது?"

"அந்த ஃபார்மட் எதுலயும் ஓடாதும்மா," என்றான் பூவராகவன். அப்போது அவன் ஒன்றைக்கூடச் சோதித்திருக்கவில்லை. ஃபார்மட் என்றால் என்னவென்று தெரியாமல் அவள் விழித்தது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

இப்போது, ஏவிஐ ஃபார்மட்டில் யார்டு காலியாகத்தான் இருந்தது. எம்பெக்கில் அந்த ஆள், தூரத்தில், காந்தக் கிரேனுக்குக் கீழே, மஞ்சள் ஹெல்மெட்டோடு. இரண்டும் ஒரே துண்டு. கணேசன்தான் ஃபைலை மாற்றித் தொலைத்திருக்க வேண்டும்; கேட்கலாமென்றால் டீக்குப் போயிருந்தார். அடுத்த ஃபார்மட்டான த்ரீஜிபியைத் திறந்தான். ஆள் இரும்புக் குவியலுக்கு இந்தப்பக்கம் வந்திருந்தான், சட்டையின் ஒரு கை கருகித் தோலோடு ஒட்டிக்கிடக்க, முகத்தை நிமிர்த்திக் கேமராவையே பார்த்தபடி, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு. அந்த ஃபார்மட்டில் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கிரேனின் கால்களைப் பார்த்தான். வாழைக்கன்று கட்டியிருந்தது. சந்தனப் பொட்டு.

மேரி சொன்ன அதே ஆயுத பூஜை நாள். மேரியைக் கூப்பிட்டு இதைக் காட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது. காட்டினால் போலீஸ், சாட்சி, கோர்ட்டு. எவனோ செத்ததற்கு நான் ஏன் அலைய வேண்டும். ஓடவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. டிஸ்க்கை அழிக்கும் பட்டனை அழுத்தினான்.

உலை நின்றது.

நிற்கவில்லை, தரை இன்னும் அதிர்ந்தது. சத்தம்தான் இல்லை. ஏசித் தண்ணீர் சொட்டியது, சத்தமில்லை. மேஜையைத் தட்டினான். சத்தமில்லை. கற்பூர வாசனை. காய்ந்த இரும்பின் வாசனை. காலடியில் செருப்பை மீறிச் சூடு.

திரும்பினான்.

வாழைக்கன்று. கிரேன். வெயில்.

கத்தினான். தொண்டை வலித்தது, குரல் இல்லை.

உயரே கேமராவின் கண்ணாடி. அதற்குள் சின்னதாக அவனுடைய அறை, அவனுடைய நாற்காலி. கணேசன் டீயோடு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் மேரி. எப்படியோ கெஞ்சி உள்ளே வந்துவிட்டாள். திரை அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. கணேசன் உட்கார்ந்து, சோதனைக்கு வெட்டி வைத்திருந்த ஃபைலைத் திறந்தார்.

பூவராகவன் இரண்டு கையையும் வீசினான். குதித்தான். பாருங்கள். கொஞ்ச நேரம். முழுதாகப் பாருங்கள்.

படம் வந்தது. கணேசனுக்கு அது போதும். அவர் மேரியைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது அவர் உதட்டிலேயே தெரிந்தது: யாரும் இல்லம்மா.

கருகிய கை ஒன்று அவன் தோளைத் தொட்டது. மோசஸ் இரும்புக் குவியலில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டான்.

மேலே, வானத்தின் குறுக்கே, மவுஸின் பெரிய வெள்ளை அம்பு, ஃபைலை மூடும் மூலையை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.