கஜானி போட்ட மக்காடம்

கஜானிக்கு ஒரு கிறுக்கு. புதுச் சொல் எதைக் கண்டாலும், அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்காமல் விடமாட்டாள்.

ஆனால் அன்று அவள் முகம் வாடியிருந்தது. மறுநாள் தைப்பொங்கல். நியூசிலாந்தின் ஒனிஹங்காவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் பானை வைப்பார்கள். அதற்காக அப்பா தவராசா வழுவழுப்பான வெள்ளைக் கூழாங்கற்களைக் கொட்டிப் பாதை போட்டிருந்தார். பார்க்கக் கொள்ளை அழகு! ஆனால் பக்கத்து வீட்டுப் பிருந்தனின் சக்கர நாற்காலி இரண்டடி போனதும் பொதுக்கென்று புதைந்துவிட்டது.

"தூக்கிக்கொண்டு போவம்," என்றார் அப்பா.

"வேண்டாம் மாமா. நானே வந்து அரிசி போடவேணும். இல்லாட்டி போன வருசம் மாதிரி யன்னலால பாக்கிறன்."

கஜானிக்கு அழுகையே வந்துவிட்டது. மனம் ஆறட்டும் என்று ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினாள். 'மக்காடம்' என்றொரு சொல் கண்ணில் பட்டது. கல் போட்ட சாலைக்கு அந்தக் காலப் பெயராம். விடுவாளா? அகராதியை எடுத்தாள்.

மக்காடம் ஒரு மனிதரின் பெயர்! இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஸ்காட்லாந்துக்காரர், சின்னச் சின்னதாக உடைத்த கற்களைப் பரப்பிச் சாலை போட்டார். வண்டிகள் ஏற ஏற, கல்லின் மூலைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன.

"அப்பா! உருண்டைக் கல்லுக்குப் பிடி இல்லை. உடைச்ச கல்லு வேணும்!"

"ஓகோ, ரோட்டு எஞ்சினியரோ?" என்று அப்பா சிரித்தார்.

கஜானி இரண்டு கேக் தட்டுகளை எடுத்தாள். ஒன்றில் கூழாங்கல். மற்றதில், பழைய வீட்டுக்காரர் கொட்டகைக்குப் பின்னால் குவித்துவிட்டுப் போன உடைந்த எரிமலைக் கல். அதை நன்றாக அழுத்தினாள். பொம்மை லொறியை ஓட்டிக் காட்டினாள். கூழாங்கல்லில் லொறி குப்புற விழுந்தது. மற்றதில் ஜம்மென்று ஓடியது.

"அட!" அப்பா மண்வெட்டியைத் தேடி ஓடினார்.

கோடைக்காலம், இருட்ட நேரமிருந்தது. கூழாங்கல்லை அள்ளிவிட்டு உடைந்த கல்லைப் பரப்பினார்கள். கஜானி மக்காடத்தின் கதையைச் சொல்ல, பிருந்தன் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட, தெருப் பிள்ளைகள் எல்லாரும் திம் திம்மென்று குதித்து மிதித்தார்கள்.

காலையில் பிருந்தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வந்தான். ஓரிடத்திலும் புதையவில்லை! பால் பொங்கி வழிந்ததும் முதல் பிடி அரிசியை அவனே போட்டான். எல்லாரும் கைதட்டினார்கள்.

"மக்காடம் போட்ட ரோட்டுக்கு அவற்ற பேர் எண்டால், இதுக்கு என்ன பேர் தெரியுமோ?" என்று கத்தினான் பிருந்தன். "கஜானி!"

கஜானி தன் சொல் நோட்டைத் திறந்து, அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டாள்.